தாகத்தான் மேட்டுக்கு முதல் குடம்

சம்மந்திமாரே, எல்லாரும் பந்தலுக்குள்ள நெழலாப் பாத்து ஒக்காருங்க. சோறு வடிக்க இன்னும் ஒரு நாழி ஆகும். பொண்ணு மாப்பிள்ளை வாற வண்டி இப்பத்தான் ரோட்டு விலக்குல திரும்பியிருக்காம். அதுவரைக்கும் வெறும் வாயை மெல்ல வேண்டாம், ஒரு கதை சொல்லுதேன். நான் மாப்பிள்ளைக்குப் பெரியப்பா. பேசாம இருந்தா எனக்குத் தலை வலிக்கும், அது எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும்.

நீங்க ஆத்தங்கரை ஆளுக. மடையைத் தொறந்தா தண்ணி வாசலுக்கு வரும். அதனால இந்தக் கதையை உங்களுக்குக் கொஞ்சம் நிதானமாத்தான் சொல்லணும். கேட்டுக்கிடுங்க.

காலம் எந்தக் காலம்னு கேக்காதிய. இந்தத் தார் ரோடு கெடையாது. அந்தக் கோயில் கெடையாது. பனை மட்டும் உண்டு. அந்தக் காலத்துல, இதே நெடும்பனைவிளையில, வெயிலுகந்தாள்னு ஒருத்தி இருந்தாளாம். எங்களுக்கு ஏழு தலைமுறைக்கு முந்தின ஆத்தா, இப்போ சாமியாக் கும்பிடுதோம். என்னடா, ஆத்தாவைப் போய் அவ இவள்னு சொல்லுதானேன்னு நெனைக்காதிய. சாமியை யாரும் வாங்க போங்கன்னு கூப்பிடுததில்ல.

அப்போ இந்தத் தேரி பூராவும் தனி நாடு. பெரிய நாடெல்லாம் இல்ல. பன்னெண்டு ஊரு, ஏழு கெணறு, எண்ண முடியாத பனை. அம்புட்டுத்தான் நாடு. நாட்டுக்குத் தலைவரு வெயிலுகந்தாளுக்குக் கூடப்பொறந்த அண்ணன், பேரு அணைஞ்சபெருமாள். அவருக்குக் கிரீடம் கெடையாது, கோட்டை கெடையாது. காலையில அவரும் பனை ஏறுவாரு. ஏறி எறங்கினதுக்குப் பெறவுதான் வழக்குக் கேப்பாரு.

தேரின்னா உங்களுக்குத் தெரியுமா என்னமோ. செவப்பு மணலு. கண்ணுக்கு எட்டுன தூரம் மணலு. ஆனி ஆடிக் காத்து வந்துட்டா நேத்து மேடு இருந்த எடத்துல இன்னைக்குப் பள்ளம் கெடக்கும். ஒரு கெணத்தையே ஒரு நாள்ல விழுங்கிரும். அதனால எங்க ஆளுக என்ன பண்ணுவாவ, காத்துக்கு முன்னாலயே கெணத்தை மூடிருவாவ. குடிக்கிறதுக்கு ஒரே ஒரு கெணத்தைத் தட்டி கட்டி மறைச்சு வச்சுக்கிட்டு, மத்த ஆறையும் மூடிருவாவ. வாய் மேல பனந்தடிய நெருக்கமா அடுக்கி, அதுமேல ஓலைப்பாய விரிச்சு, அதுமேல முட்டளவு மணலைத் தள்ளுவாவ. காத்து நின்ன பெறவு தோண்டித் தொறப்பாவ. ஏழு கெணத்துக்கும் அடி அளந்து வச்சிருந்தவ வெயிலுகந்தா. இந்தப் பனையிலருந்து இத்தனை அடி, அந்தப் பனையிலருந்து இத்தனை அடின்னு அவளுக்குக் கணக்கு. மணலு எப்படி மாறிக் கெடந்தாலும் அவ போய் நின்னு இங்கன தோண்டுன்னு சொன்னா அங்கன கெணறு இருக்குமாம்.

இன்னொண்ணு உண்டு. மூடுன கெணத்து வாயில யாரும் கால் வைக்கக் கூடாது. சுத்தித்தான் போகணும். பிள்ளைக்கு நடை பழக்கும்போதே இதையும் சேத்துப் பழக்குவாவ. தண்ணிய மிதிச்சா தண்ணி கோவிச்சுக்கிட்டுப் போயிரும்னு சொல்லுவாவ. தண்ணிக்கு ஏது கோவம்? பனந்தடி மக்கிப் போயிருந்தா மிதிக்கிற ஆளு உள்ள போயிருவான், அதான் காரியம். ஆனா தலைமுறை தலைமுறையாப் பழகி, நெனைப்பு இல்லாட்டியும் கால் தன்னால சுத்திப் போகும்.

இப்படி இருக்கையில, வடக்க இருந்து ஒரு பெரிய ராசாவோட படை வந்துச்சாம். கொஞ்ச நஞ்சம் இல்ல. அஞ்சாயிரம் பேருன்னு சொல்லுவாவ. குதிரை உண்டு, பீரங்கி உண்டு. அதுக்கு ஒரு தளவாய். அவன் பேரை எங்க முன்னோரு வாயால சொல்லக் கூடாதுன்னு வச்சிருந்தாவ. சொல்லாம சொல்லாம மறந்தே போச்சு. நல்லதாப் போச்சு.

தளவாய், பேச்சை மாத்திச் சொல்ல ஒரு துபாசியைக் கூட்டிக்கிட்டு வந்து என்ன கேட்டானாம்? கடக்கரையில அவுக ராசா கோட்டை கட்டப் போறாராம். அதுக்குப் பத்தாயிரம் பனை வேணுமாம். வெட்டுததுக்கு ஆளும் நம்மளே குடுக்கணுமாம்.

சம்மந்தி, உங்க ஊர்ல வந்து ஆத்தைக் குடுன்னு ஒருத்தன் கேட்டா எப்படி இருக்கும்? அதுமாதிரிதான் இது. பனை போனா எங்களுக்குப் பதனி இல்ல, கருப்பட்டி இல்ல, கூரை இல்ல, வெறகு இல்ல. மணலைப் புடிச்சு வச்சிருக்கதே பனை வேருதான். பத்தாயிரம் பனையை வெட்டுனா பன்னெண்டு ஊரையும் மணலு மூடிரும். அணைஞ்சபெருமாள் முடியாதுன்னு சொல்லிட்டாரு. தளவாய் மூணு நாள் தவணை குடுத்துட்டுப் போனான்.

ஊர்க்கூட்டம் போட்டாவ. ஆம்பளைய முந்நூறு பேரு. கையில பாளை அருவா. எல்லாரும் வெட்டிச் சாவோம்னு சொல்லுதாவ. வீரம் பேசுததுக்கு எங்க ஆளுகளுக்குச் சொல்லிக் குடுக்க வேண்டாம். அப்போ வெயிலுகந்தா எந்திரிச்சு நின்னாளாம். நாப்பது வயசு இருக்கும். எலும்பும் தோலுமா, கறுகறுன்னு, சத்தமாக் கூடப் பேச மாட்டாளாம்.

"அண்ணாச்சி, முந்நூறு பேரு அஞ்சாயிரம் பேரை வெட்ட முடியாது. நாம வெட்டவே வேண்டாம். காத்து வர இன்னும் பன்னெண்டு நாளோ பதினஞ்சு நாளோ. ஏழு கெணத்தையும் இப்பவே மூடிருவோம். அவன் மணலைக் குடிக்கட்டும்."

ஏழையுமா, நாம எதைக் குடிக்கன்னு கேட்டாவளாம். அவ கைய மேல காட்டுனாளாம். மேல பனை நிக்கி. வைகாசி மாசம், பாளை சொட்டுத காலம். பதனிய விட்டா வேற என்ன வேணும்?

மூணு நாள்ல ஏழு கெணத்தையும் மூடிட்டாவ. தட்டியப் பிரிச்சாச்சு, தண்ணி எறைக்கிற தோண்டிய எடுத்தாச்சு, தொட்டிய ஒடைச்சாச்சு. கெணறு இருந்த அடையாளமே இல்ல. ஊரைக் காலி பண்ணிட்டுப் பனங்காட்டுக்குள்ள போயிட்டாவ. தளவாய் வந்து பாக்கான். வீடு இருக்கு, ஆளு இல்ல. காட்டுக்குள்ள அம்புட்ட ஒரு கெழவனப் புடிச்சுத் தண்ணி எங்கடான்னு கேட்டானாம். கெழவன் சொன்னானாம், "தேரில மணலு உண்டு, பனை உண்டு. தண்ணி மட்டும் இல்லய்யா." யாரைப் புடிச்சுக் கேட்டாலும் அதே பதிலு. மணலு உண்டு, பனை உண்டு, தண்ணி மட்டும் இல்ல.

தளவாய் சிரிச்சானாம். ஆறு ஒரு நாள் தூரத்துல இருக்கு, மாட்டு மேல தண்ணி கொண்டாந்துட்டாப் போச்சுன்னு நெனைச்சான். எரநூறு மாடு, ரெண்டு பக்கமும் தோல்பை. அதுக்குத்தான் அணைஞ்சபெருமாளும் முந்நூறு பேரும் காத்துக்கிட்டு இருந்தாவ. விடியக்கருக்கல்ல ஒடைமரத்துப் பாதையில மாடு வரும். முள்ளுக்குள்ளருந்து பாஞ்சு, பையில ஒரு கீறு, ஓட்டம். அம்புட்டுத்தான் சண்டை. ஆளை வெட்டல, மாட்டை வெட்டல. பையை மட்டும்தான் வெட்டுனாவ. பாளை சீவுத கைக்குத் தோலு எம்மாத்திரம்? எரநூறு மாடு கெளம்பினா முப்பது மாட்டுத் தண்ணி வந்து சேந்தாப் பெரிய காரியம்.

படைக்கு மொத நாள் ஆளுக்கு ஒரு செம்புத் தண்ணி. நாலாம் நாள் அரைச் செம்பு. ஏழாம் நாள் ஒரு கை. சில பேரு பனையில ஏறிக் கலயத்தை எடுத்துக் குடிச்சான். எங்க ஆளுக லேசுப்பட்டவங்களா? அவன் எட்டுத கலயத்துல எல்லாம் சுண்ணாம்பு தடவாம விட்டுட்டாவ. சுண்ணாம்பு இல்லாட்டி பதனி கள்ளாப் போயிரும். குடிச்சவன் வெயில்ல ஆடிப் பாடிட்டு, சாயந்தரம் நாக்கு வறண்டு போய்க் கெடந்தானாம்.

காட்டுக்குள்ள எங்க ஆளுக பொழைப்பைக் கேக்கணுமே. குடிக்கிறது பதனி. சோறு பொங்குதது பதனில. பயறு அவிக்கிறது பதனில. கொழம்பும் இனிப்பு, கஞ்சியும் இனிப்பு. மொத ரெண்டு நாள் பிள்ளையளுக்கெல்லாம் திருவிழா மாதிரி இருந்துச்சாம். அஞ்சாம் நாள் ஒரு வாய் பச்சத்தண்ணி குடுன்னு அழ ஆரம்பிச்சிட்டாவ. பெரியவங்களும் அழுதிருப்பாவ, வெளிய சொல்லல. ஆனா ஒருத்தரும் சாகல. அதைத்தான் நீங்க பாக்கணும். அன்னைக்கு அந்தப் பனை சொட்டுனதுனாலதான் இன்னைக்கு இந்தப் பந்தல்ல நான் நிக்கேன். எங்க ஊர்ல இன்னைக்கும் பச்சப் பனையை வெட்டுனா வீட்டுல ஒரு நாள் அடுப்பு எரியாது. பெத்தவளை இழந்த மாதிரி இருக்கும் எங்களுக்கு.

இப்போ தப்பு நடந்த எடத்துக்கு வாறேன். தப்புப் பண்ணுனது வேற யாரும் இல்ல, எங்க காலுதான்.

தளவாய் முட்டாள் இல்ல பாத்துக்கிடுங்க. ஒம்பதாம் நாள் காலையில அவன் தேரில தனியா நடந்து போயிருக்கான். மணலு காத்தடிக்காமப் பாய் விரிச்ச மாதிரிக் கெடக்கு. அதுல பொம்பளைய வெறகுக்குப் போன கால்தடம். நேராப் போன தடம் ஒரு எடத்துல வளைஞ்சு, பெறவு திரும்ப நேராப் போகுது. ஒரு தடம் இல்ல, எல்லாத் தடமும் அங்கன வளைஞ்சு போகுது. அங்கன கல்லு இல்ல, முள்ளு இல்ல, வெறும் மணலு. அவன் நின்னு பாத்தானாம். வெறும் மணலைச் சுத்தி ஏன் இவளுக போறாளுக?

தோண்டச் சொன்னான். பனந்தடி வந்துச்சு. தடிக்குக் கீழ தண்ணி.

ஏழுலயும் சின்னக் கெணறு அது. நல்லவேளை. அஞ்சாயிரம் பேரு அரை நாள்ல குடிச்சு, சேறு வரைக்கும் வழிச்சுட்டானுக. ஆனா இவளுக கெணத்தை மிதிக்க மாட்டாளுகன்னு தளவாய்க்குத் தெரிஞ்சு போச்சே. அது போதாதா?

மறுநாள் பத்தாம் நாள். வெறகுக்கு வந்த ஏழு பொம்பளையளப் புடிச்சுட்டான். அதுல ஒருத்தி வெயிலுகந்தா. வரிசையா நிக்க வச்சு, கெழக்க பாத்து நடங்கன்னு சொன்னானாம். அவனுக்குத் தெரியாது, கெழக்க இருக்கதுதான் பெரிய கெணறு. பன்னெண்டு ஊருக்கும் வத்தாத தண்ணி. அது அவன் கையில அம்புட்டுட்டா படை வருசம் பூரா இங்கனயே கெடக்கும். பனை பூராவும் போயிரும்.

மத்த ஆறு பேருக்கும் எதுக்கு நடக்கச் சொல்லுதான்னு புரியல. வெயிலுகந்தா அவன் கண்ணைப் பாத்தாளாம். அவன் இவளுக மொகத்தைப் பாக்கல. காலைப் பாக்கான். கெணத்தை மிதிக்க மாட்டோம்னு இவனுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவளுக்குப் புரிஞ்சுட்டு. சொல்லித் தடுக்க முடியாது, துபாசி கேட்டுருவான். அந்த ஆறு பேரும் நடந்தா ஆறு பேர் காலும் பழக்கத்துல வளையும்.

அவ முன்னால வந்து சொன்னாளாம், "இவளுகளுக்கு ஒண்ணும் தெரியாது. அடி அளக்கது நான் ஒருத்திதான். இவளுகள விடு. நான் நடக்கேன்."

துபாசி சொல்லித் தளவாய்க்குச் சந்தோசம். ஆறு பேரையும் தொரத்திட்டான்.

அவ நடந்தா. சம்மந்தி, நெனைச்சுப் பாருங்க. நாப்பது வருசம் சுத்திப் போன காலு. அதைக் கூட்டிக்கிட்டு நேரா நடக்கணும். பெரிய கெணத்துக்கு அம்பது அடி, நாப்பது அடி, முப்பது அடி. அடி அவளுக்குத்தான் தெரியுமே. பத்து அடி இருக்கையில ஒரு ரோசனை வந்துச்சாம், தடி மேல மிதிச்சா சத்தம் வேற மாதிரி கேக்கும்னு. ஒடனே நெஞ்சுல அடிச்சுக்கிட்டு ஒப்பாரி வச்சாளாம். என்னப் பெத்தவளே, எங்குடி கெட்டுச்சேன்னு மாரடிச்சுக்கிட்டே, ஒரு மயிரிழை வளையாம, கெணத்து வாய் மேல ஏறி அந்தப் பக்கம் போயிட்டா. ஆத்தா, அந்தக் கால் ரெண்டையும் கண்ணுல ஒத்திக்கிடணும் போல இருக்கு எனக்கு.

தளவாய் தேரி பூராவும் அவளை நடக்க வச்சான். எங்கனயும் வளையல. கோவம் வந்துட்டு. நீ சொல்லுத வரைக்கும் வெயில்ல ஒக்காருன்னு சொன்னான். எங்கன ஒக்காரன்னு அவ கேட்டாளாம். எங்கன வேணும்னாலும் ஒக்காரு, வெயிலு எல்லா எடத்துலயும் ஒண்ணுதான்னு சொன்னானாம். அவ மெதுவா நடந்து போய், பெரிய கெணத்து வாய்க்கு மேலயே சம்மணம் போட்டு ஒக்காந்துட்டா.

படை கடப்பாரையை எடுத்துக்கிட்டுச் சுத்துமுத்தும் குத்திப் பாக்கான். அவ ஒக்காந்திருக்க எடத்தை மட்டும் குத்தல. ஒரு ஆளு கடப்பாரையோட கிட்ட வந்தானாம். தளவாயே தடுத்துட்டானாம், கெணத்து மேல இவளுக காலே வைக்க மாட்டாளுக, அங்கன குத்தி என்னத்துக்குன்னு. இது எப்படித் தெரியும்னு கேப்பிய. அந்தத் துபாசி பெறவு எங்க ஊர்லயே தங்கி, இங்கனயே பொண்ணு கட்டிட்டான். அவன் சொன்னதுதான். அவன் வாரிசு ரெண்டு மூணு பேரு இந்தப் பந்தல்லயே இருக்காவ, காட்டுனா வெக்கப்படுவாவ.

அவளுக்குக் காவலா ஒரு சிப்பாயை நிறுத்துனான். நல்லா ஒசந்த ஆளாம். மீசை உண்டு. எந்தச் சீமையோ, நம்ம பாசை ஒரு வார்த்தை தெரியாது. இடுப்புல ஒரு சின்னத் தோல்பை. அதுல அன்னைக்கு அவனுக்கு அளந்து ஊத்துன ஒரு கைத் தண்ணி.

மொத நாள் போச்சு. ரெண்டாம் நாள் மத்தியானம் அவளுக்கு நாக்கு வீங்கிட்டு. கண்ணு சொருகுது. அவளுக்குக் கீழ எட்டு ஆள் ஒசரத்துக்குத் தண்ணி நிக்கி. அவன் அவளையே பாத்துக்கிட்டு நின்னானாம். பெறவு அக்கம் பக்கம் பாத்துட்டு, குனிஞ்சு, அவ கையைப் புடிச்சுக் குழியாக்கி, பையில இருந்ததுல பாதியை ஊத்திட்டான். அவ வேண்டாம்னு தலைய ஆட்டுனா. அவன் தன் வாயைக் காட்டி, குடிச்சுட்டேன்னு சைகை பண்ணுனானாம். அவன் ஒதடு வெடிச்சு ரத்தம் கசியுது. பொய் சொல்லுதான்னு அவளுக்குத் தெரியும். குடிச்சா. குடிக்காம இருக்க முடியல.

மூணாம் நாள், படை வந்து பன்னெண்டாம் நாள். அவனுக்கு அன்னைக்கு ஊத்துன தண்ணி அரைக் கை கூட இருக்காது. அம்புட்டையும் அவ கையில ஊத்திட்டான். பையைத் தலைகீழாக் கவுத்து, தீந்துட்டுன்னு காட்டுனானாம். காட்டிட்டுச் சிரிச்சானாம். சிரிச்சுட்டுப் போய்த் தன் எடத்துலயே நின்னுக்கிட்டான்.

நான் இதைப் பல தரம் ரோசிச்சிருக்கேன் சம்மந்தி. அவ வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவனுக்கு வயிறு நெறைய தண்ணி. அவன் நெறைஞ்சா அஞ்சாயிரம் பேரும் நெறைவான். பன்னெண்டு ஊரும் போயிரும். அவ சொல்லல. சொல்லாதது சரிதான், அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா சரின்னு தெரிஞ்சும் இந்த எடத்தை என்னால வேகமாத் தாண்டிப் போக முடியல. எங்கய்யாவும் இந்த எடத்தை மெதுவாத்தான் சொல்லுவாரு.

அன்னைக்கு உச்சிவெயில் சாயையில, மேக்க ஒரு செவப்புச் சொவரு எந்திரிச்சுச்சாம். காத்து. வர வேண்டிய காத்து வந்துட்டு. அடுத்த நாழியில கண்ணைத் தொறக்க முடியல. குதிரை கயித்தை அத்துக்கிட்டு ஓடுது. பீரங்கிச் சக்கரம் பாதிக்கு மேல மணலுக்குள்ள போயிட்டு. தண்ணியும் இல்லாம, கண்ணும் தெரியாம, தளவாய் இனி நிக்க முடியாதுன்னு படையைத் திருப்பிட்டான். எல்லாரும் ஆத்தைப் பாத்து ஓடுதான். உங்க ஊரு ஆத்துலதான் போய்க் குப்புற விழுந்து குடிச்சிருப்பான். அதுக்கும் உங்களுக்கு ஒரு கும்பிடு. பீரங்கி இன்னும் தேரிக்குள்ள எங்கயோதான் கெடக்கு. ஒரு பனை கூட அவன் கோட்டைக்குப் போகல.

எல்லாரும் ஓடிட்டான். அந்தக் காவக்காரன்கிட்ட ஓடுன்னு சொல்ல யாருக்கும் நெனைப்பு வரல. அவன் நின்ன எடத்துலயே சாஞ்சுட்டான்.

வெயிலுகந்தா தவழ்ந்து போய் அவனைப் பாத்துட்டு, திரும்பி வந்து கையால மணலைத் தோண்டுதா. ஒரு பக்கம் அவ தோண்ட, ஒரு பக்கம் காத்து கொண்டாந்து போடுது. பாய் தெரிஞ்சுட்டு. பனந்தடிய அசைக்க ஒத்த ஆளால ஆகாது. அண்ணாச்சி, அண்ணாச்சின்னு கத்துதா. சத்தம் வரல. படை போயிட்டுன்னு தெரிஞ்சு அணைஞ்சபெருமாளும் ஆளுகளும் வந்து சேரதுக்கு ரெண்டு நாழி ஆச்சு. வந்த அவசரத்துலயும் அவரு காலு கெணத்தைச் சுத்தித்தான் போச்சாம்.

தடியத் தள்ளுனாவ. தோண்டிய எறக்குனாவ. மொத குடம் மேல வந்துச்சு. பன்னெண்டு நாள் இனிப்பையே தின்னு தின்னு, பச்சத்தண்ணிக்கு ஏங்கிப் போன சனம் சுத்தி நிக்கி. பிள்ளைய கையை நீட்டுது. வெயிலுகந்தாளுக்கு நிக்கவே தெம்பு இல்ல. அண்ணன் குடத்தை அவகிட்டதான் நீட்டுனாரு, நீ குடி தங்கச்சின்னு. அவ வாங்குனா. குடிக்கல. குடத்தைத் தூக்கிக்கிட்டு அந்தச் சிப்பாய்கிட்ட போனா. உசுரு அப்பத்தான் போயிருக்கு. ஒடம்பு இன்னும் ஆறல. தலைய மடியில எடுத்து வச்சு, அம்புட்டுத் தண்ணியையும் அவன் வாயிலயும் மொகத்துலயும் ஊத்துனாளாம்.

சனம் மொணங்குச்சு. அணைஞ்சபெருமாளுக்கும் பொறுக்கல. ஏ தங்கச்சி, அவன் நம்மள அழிக்க வந்தவன்லா, அவனுக்கா மொத தண்ணின்னு கேட்டுட்டாரு.

அவ நிமுந்து பாத்துச் சொன்னாளாம், "அண்ணாச்சி, அவன் தாகத்தோட நின்னுக்கிட்டு எனக்குத் தண்ணி குடுத்தான். நான் தண்ணி மேல ஒக்காந்துக்கிட்டு அதை வாங்கிக் குடிச்சேன். அந்த ரெண்டு வாய் இல்லன்னா மூணாம் நாள் நான் சாஞ்சிருப்பேன். என்னைத் தூக்கிப் போட்டுட்டு அங்கன தோண்டியிருப்பான். உங்களுக்கு இந்தக் கெணறு இருக்கது அவன் குடுத்த தண்ணியில. இதுக்கு மேல யாருக்காவது பேச்சு இருக்கா?"

அணைஞ்சபெருமாளே மொத ஆளா மணலைத் தோண்டக் குனிஞ்சாரு.

அவனைக் கெணத்துக்குப் பக்கத்துலயே அடக்கம் பண்ணி, மேல மணலைக் குவிச்சாவ. பேரு தெரியாது, ஊரு தெரியாது, என்ன சாமி கும்பிட்டானோ அதுவும் தெரியாது. தாகத்தோட செத்தவன்னு தாகத்தான்னு பேரு வச்சாவ. பந்தலுக்குக் கெழக்க ஒரு மேடு தெரியுதுல்லா, சுத்திப் பனையோலைத் தட்டி கட்டி வச்சிருக்கோம்லா, அதான் தாகத்தான் மேடு. தேரில எல்லா மேடும் வருசத்துக்கு வருசம் எடம் மாறும். அது மட்டும் மாறாது. சாமி சக்தின்னு சில பேரு சொல்லுவாவ. அப்படியெல்லாம் இல்ல. காத்து முடிஞ்ச ஒடனே நாங்க பன்னெண்டு ஊரும் போய் மணலை அள்ளிப் போட்டுத் திரும்பக் குவிச்சிருவோம். அது மாறாம இருக்கது எங்க வேலை.

வெயிலுகந்தா அதுக்கப்புறம் முப்பது வருசம் இருந்தாளாம். அவ சாகுத வரைக்கும் தெனமும் மொத குடம் அந்த மேட்டுக்குத்தான். கடைசியில மருமகளைக் கூப்பிட்டுச் சொன்னாளாம், நம்ம ஊர்ல பொறந்ததுகளுக்கு இந்தக் கதை தன்னாலத் தெரிஞ்சிரும், வெளியூர்லருந்து வாழ வாற பொண்ணுக்குத்தான் தெரியாது, அதனால அவ கையாலத்தான் ஊத்தணும்னு. அன்னைலருந்து இந்த ஊருக்கு வாற மருமக எவளா இருந்தாலும், வீட்டுக்குள்ள வெளக்கேத்த முன்னால, பெரிய கெணத்துல ஒரு குடம் எறைச்சு மேட்டுல ஊத்தணும். அதுக்கு முன்னால அவளுக்கு இந்த ஊர்ல ஒரு வாய்த் தண்ணி கெடையாது.

அதான் சம்மந்தி, வண்டி வந்த ஒடனே உங்க பொண்ணை வீட்டுக்குக் கூப்பிட மாட்டோம். கையில குடத்தைக் குடுத்துக் கெணத்தடிக்குக் கூட்டிட்டுப் போவோம். என்ன இது, கலியாணப் பொண்ணுக்கு ஆலாத்தி எடுக்காம மண்ணுக்குத் தண்ணி ஊத்தச் சொல்லுதாவளேன்னு கோவிச்சுக்காதிய. போன தையில ஒரு சம்மந்தி இதுக்காக எலையில ஒக்காராமப் போயிட்டாரு. கதையை முன்னாலயே சொல்லாதது எங்க தப்பு. அதான் இந்தத் தடவை நான் முந்திக்கிட்டேன்.

அந்தா, வண்டிச் சத்தம் கேக்குதுல்லா. எந்திரிங்க, எல்லாருமே வாங்க. பொண்ணுக்கு யாரும் மந்திரம் ஒண்ணும் சொல்லிக் குடுக்க வேண்டாம், அப்படி ஒண்ணும் கெடையாது. அன்னைக்கு வெயிலுகந்தா அந்தத் தலைய மடியில வச்சுக்கிட்டு என்ன சொன்னாளோ, அதையே இவளும் சொல்லிட்டுக் குடத்தைச் சாச்சாப் போதும்.

"குடிச்சுக்கிடுங்கய்யா, இனி தண்ணி இருக்கு."